பர்ஜ் அண்ட் ட்ராப்ல நுரை ஏறினதுக்கு அப்புறம் புரோமோஃபார்ம் விழுந்துடுச்சு, ட்ராப் மாத்தணுமா?

பீன்யா_கெமிஸ்ட்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் பீன்யால ஒரு தண்ணி டெஸ்டிங் லேப்ல ஜிசி-எம்எஸ் (கலவையைப் பிரிச்சு ஒவ்வொரு சாமானையும் அளக்கற மெஷின்) செக்ஷன் பாத்துக்கறேன். விஓசி (சுலபமா ஆவியாகற ஆர்கானிக்) சாம்பிள் எல்லாம் பர்ஜ் அண்ட் ட்ராப் கான்சன்ட்ரேட்டர் வழியாத்தான் போகுது, அதாவது ஸ்பார்ஜர்ங்கற கண்ணாடிக் குழாய்ல இருக்கற தண்ணில கேஸ் குமிழி விட்டு விஓசியை வெளிய எடுத்து, ட்ராப்ல பிடிச்சு, சூடு பண்ணி ட்ரான்ஸ்ஃபர் லைன் வழியா ஜிசிக்கு அனுப்பும். பெரும்பாலும் குடிதண்ணி, காவேரி தண்ணியும் போர்வெல் தண்ணியும், டிஹெச்எம் நாலையும் (குளோரின் போட்ட தண்ணில உண்டாகற குளோரோஃபார்ம், புரோமோஃபார்ம் வகை) ஐஎஸ் 10500 (குடிதண்ணி ஸ்டாண்டர்ட்) படி கேப்பாங்க, அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. இப்ப கொஞ்ச நாளா ஏரித் தண்ணி, அபார்ட்மென்ட் எஸ்டிபி (சாக்கடை சுத்திகரிப்பு) தண்ணின்னு வர ஆரம்பிச்சிருக்கு. போன வாரம் நைட் சீக்வென்ஸ்ல ஒரு எஸ்டிபி இன்லெட் சாம்பிள் ஸ்பார்ஜர்ல நுரைச்சு மேல ஏறிடுச்சு. எங்க மெஷின் பழைய மாடல், ஃபோம் சென்சார் கிடையாது, அதனால நிக்காம மிச்ச சாம்பிளையும் ஓட்டி முடிச்சிருச்சு. காலைல வந்து பாத்தா ஸ்பார்ஜர் கழுத்து வரைக்கும் காஞ்ச நுரை வெள்ளையா ஒட்டியிருக்கு, மவுண்ட்ல இருந்து வால்வுக்குப் போற ட்யூபைக் கழட்டினா உள்ள ஈரம்.

அதுல இருந்து செக் ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச கரைசல்) ஓட்டினா புரோமோஃபார்ம் 60 சதவீதத்துக்குக் கீழ, 1,1,2,2-டெட்ராகுளோரோஈத்தேன் அதைவிட மோசம், கடைசில வர்ற நாஃப்தலீன், 1,2,3-ட்ரைகுளோரோபென்சீன் ரெண்டும் கம்மி, ஆனா அடுத்து ஓட்டற பிளாங்க்ல (வெறும் சுத்தமான தண்ணி) அதே ரெண்டும் எட்டிப் பாக்குது. குளோரோமீத்தேன், வினைல் குளோரைடு மாதிரி கேஸ் எல்லாம் அப்படியே இருக்கு, குளோரோஃபார்மும் ஓகே.

செட்டிங் இதான்: 5 மில்லி சாம்பிள், ஹீலியம் 40 மில்லி ஒரு நிமிஷத்துக்கு, 11 நிமிஷம் பர்ஜ், வோகார்ப் 3000 ட்ராப், டிசார்ப் (ட்ராப்பைச் சூடாக்கி பிடிச்சதை விடறது) 250 டிகிரில 2 நிமிஷம், பேக் (சூட்டுல ட்ராப்பைச் சுத்தம் பண்றது) 260ல. எதையும் மாத்தல.

சர்வீஸ் இன்ஜினியர் போன்லயே ட்ராப்பையும் ட்ரான்ஸ்ஃபர் லைனையும் சேத்து மாத்திருங்கன்னு சொல்லிட்டாரு, அவர் நேர்ல வர லேட் ஆகும். மேனேஜர் ரெண்டுக்கும் சேத்து கொட்டேஷன் பாத்துட்டு யோசிக்கிறாரு. நிஜமாவே ரெண்டும் போயிடுச்சா, இல்ல க்ளீன் பண்ணினா சரியாகுமா? இனிமே நுரைக்கிற சாம்பிளை எப்படி ஓட்டறது? இன்னொண்ணு, இதுக்கு முன்னாடி இருந்தே பிளாங்க்ல டைகுளோரோமீத்தேன் கொஞ்சமா வந்துட்டே இருக்கு, அதுக்கும் யாராவது வழி சொன்னா நல்லாருக்கும்.

பொம்மசந்திரா_க்யூசி

ட்ராப் மாத்திருங்க ப்ரோ. எஸ்டிபி நுரை உள்ள போன ட்ராப்பை வெச்சுட்டு மல்லுக்கட்டினா வேலை இழுத்துட்டே போகும். லைன் வேணா அப்புறம் பாத்துக்கலாம்.

ஜிகணி_ஜிசி

தம்பி, அவசரப்பட்டு எதையும் மாத்தாதீங்க. எது விழுந்திருக்கு, எது விழல, இந்த லிஸ்டைக் குடுத்தீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு.

இபிஏ (அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி) 8260 மெத்தட்லயே இதை எழுதி வெச்சிருக்காங்க, நம்மாளுங்க ரெக்கவரி (போட்டதுல எத்தனை சதவீதம் திரும்ப வருது) டேபிளை மட்டும் பாத்துட்டு அந்தப் பாராவைத் தாண்டிப் போயிடறாங்க. பர்ஜ் ஃப்ளோ ரொம்ப வேகமா இருந்தா முதல்ல காணாமப் போறது குளோரோமீத்தேன். ஃப்ளோ மெதுவா இருந்தா முதல்ல அடி வாங்கறது புரோமோஃபார்ம். டெட்ராகுளோரோஈத்தேனும் 1,1-டைகுளோரோஈத்தேனும் ட்ரான்ஸ்ஃபர் லைன் அழுக்கா இருந்தாலோ ட்ராப்ல ஆக்டிவ் சைட் (சாமானைச் சிதைக்கிற இடம்) இருந்தாலோ சிதைஞ்சிடும். காரணம் ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. குளோரோமீத்தேன் மைனஸ் 24 டிகிரிலயே கொதிக்கிற சாமான், தண்ணியை விட்டு ஓடத்தான் பாக்கும், அதைப் பிடிச்சு வெக்கறதுதான் ட்ராப்போட கஷ்டம். புரோமோஃபார்ம் 149 டிகிரில கொதிக்கிறது, தண்ணியை விட்டு வரவே வராது, 11 நிமிஷமும் முழு ஃப்ளோல குமிழி போனாத்தான் ஒரு அளவுக்காவது வெளிய வரும்.

இப்ப உங்க கேஸைப் பாருங்க. கேஸ் எல்லாம் நல்லாருக்குன்னா ட்ராப் இன்னும் பிடிக்குதுன்னு அர்த்தம். நுரைல அட்சார்பென்ட் (ட்ராப்புக்குள்ள விஓசியைப் பிடிக்கிற பொருள்) கெட்டுப் போயிருந்தா முதல்ல வினைல் குளோரைடும் குளோரோமீத்தேனும்தான் பிரேக்த்ரூ ஆகி, அதாவது ட்ராப்ல நிக்காம, வென்ட்ல (கேஸ் வெளியேறற வாய்ல) போயிருக்கும். அதனால ட்ராப் மேல எனக்குச் சந்தேகம் கம்மி. புரோமோஃபார்ம் விழுந்ததுக்கு ஃப்ளோ மேல சந்தேகம், டெட்ராகுளோரோஈத்தேன் விழுந்ததுக்கு லைன் மேல சந்தேகம், நாஃப்தலீன் இங்க கம்மியாகி அடுத்த பிளாங்க்ல வர்றதுக்கு எங்கயோ கோல்ட் ஸ்பாட் இல்லன்னா நுரை காஞ்ச படிவு மேல சந்தேகம், 218 டிகிரில கொதிக்கிற சாமான் வழியில எங்க உக்கார இடம் கிடைச்சாலும் உக்காந்துக்கும்.

இதை இப்படிச் செக் பண்ணுங்க. முதல்ல ஜிசி பக்கத்தைத் தனியாப் பிரிங்க, மெத்தனால்ல இருக்கற ஸ்டாண்டர்டை நேரா இன்ஜெக்ட் பண்ணி புரோமோஃபார்மும் இன்டர்னல் ஸ்டாண்டர்டும் (ஒப்பிட எல்லாத்துலயும் ஒரே அளவு சேக்கற சாமான்) எப்படி வருதுன்னு பாருங்க, பிஎஃப்பி (புரோமோஃப்ளூரோபென்சீன் வெச்சு மாஸ் ஸ்பெக்கைச் சரிபாக்கறது) ட்யூனும் பாருங்க, மாஸ் 174 ஆனது 95ல பாதிக்கு மேல இருக்கணும், 176 ஆனது 174ல 95ல இருந்து 101 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 174, 176 பக்கம் மாஸ் ஸ்பெக் சோர்ந்து போயிருந்தாலும் புரோமோஃபார்ம் கம்மியாத்தான் தெரியும், அப்ப கான்சன்ட்ரேட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

அடுத்து ஃப்ளோ. ஸ்கிரீன்ல காட்டற 40ஐ நம்பாதீங்க, அது உள்ள போற ஃப்ளோ. ஸ்பார்ஜர்ல 5 மில்லி சுத்தமான தண்ணி வெச்சு, பர்ஜ் மோட்ல, வென்ட் வாய்ல ஃப்ளோ மீட்டர் வெச்சு அளங்க. அப்படியே நின்னு ஸ்பார்ஜரையும் பாருங்க. நல்ல ஃப்ரிட்னா (ஸ்பார்ஜர் அடில குமிழி விடற துளைக் கண்ணாடி) சோடா பாட்டில் திறந்த மாதிரி பொடிப்பொடியா, அகலம் முழுக்கக் குமிழி வரும். அடைச்ச ஃப்ரிட்ல ஒரு ஓரத்துல மட்டும் பெரிய பெரிய குமிழி குபுக் குபுக்னு வரும்.

கடைசியா ஒண்ணு. 1,1,2,2-டெட்ராகுளோரோஈத்தேன் சிதைஞ்சா ஒரு எச்சிஎல்லை விட்டுட்டு ட்ரைகுளோரோஎத்திலீனா (டிசிஇ) மாறும். உங்க செக் ஸ்டாண்டர்ட்ல டிசிஇ எவ்வளவு வந்திருக்கு? அது ஏறியிருந்தா சாமான் தொலையல, வழியில மாறியிருக்குன்னு தெரிஞ்சிடும்.

ஒயிட்ஃபீல்ட்_அனலிஸ்ட்

எங்க லேப்லயும் கிட்டத்தட்ட இதே கதை. ஃபாலோ பண்றேன்.

பீன்யா_கெமிஸ்ட்

அண்ணா ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. எல்லாம் பாத்துட்டேன். நேரா இன்ஜெக்ட் பண்ணினா புரோமோஃபார்ம் நல்லா வருது, பிஎஃப்பி பாஸ், அப்ப ஜிசி பக்கம் தப்பில்ல. வென்ட்ல அளந்தா 24 தான் வருது, ஸ்கிரீன்ல 40னு காட்டுது. குமிழி நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஓரத்துலதான் வருது. டிசிஇ 118 சதவீதம், நான் அதை ஓகேன்னு விட்டிருந்தேன், பழைய சார்ட்ல எல்லாம் 100 பக்கத்துலதான் இருக்கு.

லீக் செக் போட்டேன், பாஸ் ஆகுது. அப்ப 16 மில்லி எங்க போகுது?

ஜிகணி_ஜிசி

லீக் செக்குல சிஸ்டத்தை பிரஷர் ஏத்தி மூடி வெச்சு, இறங்குதான்னு பாக்கும். எந்த எந்த ஜாயின்ட்டை உள்ள சேத்துப் பாக்குதுன்னு மாடலுக்கு மாடல் மாறும். பழைய மாடல் சிலதுல ஸ்பார்ஜர் மவுண்ட்டோட ஃபெர்ரூல் (ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிக்கிற வளையம்) சூடான நிலைமைல லேசா விடும், ஆறின நிலைமைல பிடிச்சிருக்கும். ஃப்ரிட் அடைச்சா பின்பக்கம் பிரஷர் ஏறும், ஏறினா இதுவரைக்கும் தாங்கின ஜாயின்ட்ல கசிய ஆரம்பிக்கும். எலக்ட்ரானிக் லீக் டிடெக்டர் இருந்தா பர்ஜ் மோட்ல ஒவ்வொரு நட்டா காட்டிப் பாருங்க. சோப்புத் தண்ணி மட்டும் தடவாதீங்க, அது உள்ள இழுத்துக்கும், அப்புறம் பிளாங்க்ல புதுசு புதுசா பீக் வரும்.

ஆனா முதல்ல ஃப்ரிட்டைச் சரி பண்ணுங்க, மிச்சம் தானா தெரியும்.

கேஆர்புரம்_விஓசி

க்ளீனிங் பத்தி நான் சொல்றேன், எங்க லேப்ல ஏரி சாம்பிள் ரெகுலரா வரும், வர்த்தூர், பெல்லந்தூர் ரெண்டு பக்கமும், அதனால இந்த வேலை எனக்கு அத்துப்படி.

ஸ்பார்ஜரைக் கழட்டி வெந்நீர்ல டிடர்ஜென்ட் போட்டு ஊற வைங்க, ஃப்ரிட்டுக்கு எதிர்ப்பக்கமா, அதாவது கேஸ் வர்ற திசைக்கு எதிரா, சிரிஞ்ச்ல தண்ணியைத் தள்ளுங்க. போர்வெல் தண்ணி நிறைய ஓட்டற மெஷின்னா ஃப்ரிட்ல உப்பும் இரும்பும் சேத்துப் பிடிச்சிருக்கும், லேசா மஞ்சளாத் தெரியும், அதுக்கு டைல்யூட் நைட்ரிக் ஆசிட்ல ஊற வெச்சு நல்லா அலசினாத்தான் போகும். ஆசிட் கண்ணாடிக்கு மட்டும், மெட்டல் பார்ட் எதுவும் கிட்ட வரக்கூடாது. அப்புறம் ஆர்கானிக் ஃப்ரீ தண்ணில பலமுறை அலசி, 105 டிகிரி ஓவன்ல காய வைங்க. அந்த ஓவன்ல வேற யாரும் அசிட்டோன்ல கழுவின பாத்திரத்தைக் காய வெக்காம பாத்துக்கோங்க.

அடுத்து மவுண்ட்ல இருந்து வால்வு வரைக்கும் உள்ள ட்யூப், ஈரம் இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அதான் முக்கியமான இடம். நுரைன்னா வெறும் தண்ணி இல்ல, சர்ஃபக்டன்ட், கொழுப்பு, உப்பு எல்லாம் கலந்தது, அது சூடான ட்யூப்ல காஞ்சா உள்சுவர்ல ஒரு படலம் நிக்கும். கோட்டிங் போட்ட ட்யூப்னாலும் அந்தப் படலத்துக்கு மேல கோட்டிங் இருந்து என்ன பிரயோஜனம். ஹீட்டர் எல்லாம் ஆஃப் பண்ணி, முழுசா ஆறினப்புறம், ட்ராப்பைக் கழட்டி ரெண்டு முனையும் மூடி வெச்சிட்டு, ஜிசி பக்கமும் கழட்டிட்டு, ட்யூபை மட்டும் முதல்ல வெந்நீர், அப்புறம் மெத்தனால்னு தள்ளுங்க. தண்ணி முதல்ல, மெத்தனால் பின்னாடி, ஏன்னா உப்பு மெத்தனால்ல சரியா கரையாது. அப்புறம் கேஸ் விட்டு நல்லா காய விடுங்க. ட்ராப் வழியா மெத்தனால் போகவே கூடாது. எல்லாத்தையும் மாட்டினதுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க வால்வும் லைனும் சூட்டுல கேஸ் ஓடட்டும், காலைல பிளாங்க் வரிசையா ஓட்டிப் பாருங்க, நாஃப்தலீன் ஒவ்வொரு பிளாங்க்லயும் குறைஞ்சுட்டே வந்தா சரியான வழில போறீங்க, குறையாம ஒரே அளவுல நின்னா இன்னும் எங்கயோ படிவு இருக்கு.

ட்ரான்ஸ்ஃபர் லைனோட டெம்பரேச்சரையும் கையோட பாத்துருங்க. பீன்யால கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறி திரும்ப வரும்போது சில மெஷின்ல ஒரு ஹீட்டர் ஜோன் மட்டும் திரும்ப ஏறாம இருக்கும், ஸ்கிரீன்ல செட் வேல்யூ காட்டும், ஆக்சுவல் வேல்யூ வேற பேஜ்ல இருக்கும்.

பொம்மசந்திரா_க்யூசி

எல்லாம் சரிதான் மேடம், ஆனா இவ்வளவும் பண்ணி ரெண்டு நாள் போனதுக்கு அப்புறம் ட்ராப்தான் காரணம்னு தெரிஞ்சா? ட்ராப் கன்ஸ்யூமபிள்தானே, எப்படியும் ஒரு நாள் மாத்தத்தான் போறோம்.

கேஆர்புரம்_விஓசி

மாத்தலாம், தப்பில்ல. ஆனா அழுக்கு லைன்ல புது ட்ராப்பை மாட்டினா லைன்ல இருக்கற அழுக்குல கொஞ்சம் அதுக்குள்ள போகும், புது ட்ராப்பும் பழசாயிடும். அதனால வரிசைதான் முக்கியம்: ஃப்ரிட், ட்யூப், லைன், அதுக்கப்புறமும் டெட்ராகுளோரோஈத்தேன் ஏறலைன்னா ட்ராப். அப்படி மாத்தினா கண்டிஷன் பண்ணும்போது ஜிசி காலம் பக்கம் போகாம வென்ட்ல விட்டு, ட்ராப் கூட வர்ற சீட்ல போட்டிருக்கற டெம்பரேச்சர்ல பண்ணுங்க. டெனாக்ஸ் (இன்னொரு வகை அட்சார்பென்ட்) இருக்கற ட்ராப் வெச்சிருக்கறவங்க வோகார்ப் டெம்பரேச்சரை அதுக்குப் போட்டுடாதீங்க, டெனாக்ஸ் அதிக சூட்டுல உடைஞ்சு பென்சீனும் டொலுயீனும் விடும், அப்புறம் குடிதண்ணில பென்சீன் இருக்குன்னு ரிப்போர்ட் போயிடும்.

பீன்யா_கெமிஸ்ட்

சரிக்கா, இந்த வரிசைலயே பண்றேன். நுரைக்கிற சாம்பிளை இனிமே என்ன பண்றது? கஸ்டமர் மாசாமாசம் அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க, வேணாம்னு சொல்ல முடியாது.

கேஆர்புரம்_விஓசி

பெங்களூர்ல ஏரி சாம்பிள் எடுக்கறவங்க எல்லாருக்கும் இது வரும். பெல்லந்தூர் நுரை ரோட்டுக்கு வந்ததும் 2017 பிப்ரவரில ஏரியே தீப்பிடிச்சதும் எல்லாரும் பாத்ததுதான், சுத்திகரிக்காத சாக்கடையோட வர்ற சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் தண்ணில நின்னு, வெயர்ல (ஏரித் தண்ணி வழியற தடுப்புல) விழும்போது காத்து கலந்து நுரையாகுது. ஸ்பார்ஜர்ல நாம பண்றதும் அதேதான், சர்ஃபக்டன்ட் இருக்கற தண்ணில நிமிஷத்துக்கு 40 மில்லி கேஸைக் குமிழியா விடறோம், நுரைக்காம என்ன பண்ணும்.

அதனால மெஷினுக்குப் போகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். ஒரே பாயிண்ட்ல மூணு வயல் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு ஸ்கிரீனிங்குக்கு. அதுல கொஞ்சம் ஊத்தி மூடி போட்டு நல்லா குலுக்குங்க, நுரை உடனே அடங்கினா அப்படியே ஓட்டலாம், நுரை நின்னுட்டே இருந்தா டைல்யூட் பண்ணித்தான் ஓட்டணும். குலுக்கின வயலைத் திரும்ப அனாலிசிஸ்க்கு எடுக்காதீங்க, விஓசி பாதி காத்துல போயிருக்கும். 10 மடங்கு டைல்யூட் பண்ணினாலே பல எஸ்டிபி சாம்பிள் அடங்கிடும், அடங்கலைன்னா 50. டைல்யூட் பண்ணினா ரிப்போர்ட்டிங் லிமிட்டும் அதே மடங்கு ஏறும், அதை ரிப்போர்ட்ல எழுதணும், கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். எஸ்டிபி இன்லெட்ல யாரும் குடிதண்ணி அளவு டிடெக்ஷன் எதிர்பாக்கப் போறதில்ல.

ஆன்டிஃபோம் போடறவங்க இருக்காங்க. சிலிக்கோன் ஆன்டிஃபோம்ல இருந்து சைலாக்சேன் பீக் வரும், எந்த லாட்டா இருந்தாலும் முதல்ல அதையே தண்ணில போட்டு பிளாங்க் ஓட்டிப் பாத்துட்டு, ஸ்பைக்கும் (தெரிஞ்ச அளவு விஓசி) போட்டு ரெக்கவரி பாத்துட்டுத்தான் சாம்பிளுக்குப் போடணும். எனக்கு அது பிடிக்கல, டைல்யூஷன்தான் சுத்தமான வழி. ஃப்ளோவைக் குறைச்சு நுரையை அடக்கறேன்னு மட்டும் போயிடாதீங்க, புரோமோஃபார்ம் கதை திரும்ப ஆரம்பிக்கும்.

ஒயிட்ஃபீல்ட்_அனலிஸ்ட்

இந்த மாதிரி சாம்பிளுக்கு ஹெட்ஸ்பேஸ் நல்லதில்லையா? நுரைன்னு ஒரு பிரச்னையே வராதே.

ஜிகணி_ஜிசி

நல்ல கேள்வி. எஸ்டிபி, இன்டஸ்ட்ரி கழிவுத்தண்ணிக்கு ஹெட்ஸ்பேஸ் ரொம்பச் சரியான வழி, மூடின வயலைச் சூடு பண்ணி மேல இருக்கற ஆவியை எடுக்கறோம், குமிழியே விடறதில்ல. ஆனா பர்ஜ்ல முழு 5 மில்லில இருந்தும் விஓசியை வெளிய இழுத்து ட்ராப்ல சேத்து வெக்கறோம், ஹெட்ஸ்பேஸ்ல ஒரு பங்கு ஆவிதான் உள்ள போகுது, அதனால அடி மட்டத்துக்கு பர்ஜ்தான் இறங்கும். 1974ல சின்சினாட்டில இபிஏ ஆளுங்க பெல்லாரும் லிக்டன்பெர்க்கும் இந்த பர்ஜ் முறையைப் பேப்பரா போட்டதே தண்ணில லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவுல பாக்கறதுக்குத்தான். ரெண்டு மெஷினும் இருக்கற லேப்னா குடிதண்ணியை பர்ஜ்லயும் கழிவுத்தண்ணியை ஹெட்ஸ்பேஸ்லயும் போட்டுப் பிரிச்சுக்கோங்க, காலம் காலமா நிம்மதி. ஒரே மெஷின்தான்னா ஸ்கிரீனிங்குக்காவது ஹெட்ஸ்பேஸ் வெச்சுக்கோங்க, அடுத்த வீட்டு லேப்ல கேட்டாவது.

டைகுளோரோமீத்தேன் கேட்டீங்கல்ல தம்பி, அதுக்கு யாரும் இன்னும் சொல்லல. பக்கத்து ரூம்ல லிக்விட் லிக்விட் எக்ஸ்ட்ராக்ஷன் பண்றாங்களா?

பீன்யா_கெமிஸ்ட்

ஆமாண்ணா, பெஸ்டிசைட் எக்ஸ்ட்ராக்ஷன் சுவருக்கு அந்தப் பக்கம்தான், ஏசியும் ஒரே டக்ட்.

ஜிகணி_ஜிசி

அப்ப வேற எதுவும் தேடாதீங்க. டைகுளோரோமீத்தேன் ஆவி ஏசி டக்ட் வழியா வரும், பிடிஎஃப்இ (டெஃப்லான்) ட்யூபுக்குள்ளயும் ஊடுருவிப் போகும். எக்ஸ்ட்ராக்ஷன் ரூம்ல போட்டுட்டு இருந்த லேப் கோட்டோட விஓசி ரூமுக்குள்ள வந்தாலே பிளாங்க்ல தெரியும், இதையும் இபிஏ மெத்தட்லயே எச்சரிச்சிருக்காங்க. ரெண்டு ரூமுக்கும் கோட் தனி, ஏசி தனி, விஓசி ரூம்ல காத்து அழுத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கணும், அப்பதான் கதவு திறந்தா காத்து வெளிய போகும். கேஸ் லைன்ல, ஃப்ளோ கன்ட்ரோலர்ல ரப்பர் பார்ட் இருந்தா எடுத்துருங்க. சாம்பிள் வெக்கற ஃப்ரிட்ஜ்ல ஸ்டாண்டர்டும் சால்வென்ட்டும் வெக்காதீங்க, ஒரு வயல்ல சுத்தமான தண்ணி ரொப்பி அதே ஃப்ரிட்ஜ்ல வெச்சு, கொஞ்ச நாள் கழிச்சு ஓட்டிப் பாருங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து வருதா ரூம்ல இருந்து வருதான்னு பிரிஞ்சிடும்.

பிளாங்க் தண்ணியையும் பாருங்க. நம்ம ஊர்ல ஆர்ஓ தண்ணி எடுத்து பிளாங்க் ஓட்டறவங்க நிறைய பேர். காவேரி தண்ணி குளோரின் போட்டு வருது, அதுல உண்டாகற குளோரோஃபார்ம் ஆர்ஓ மெம்பிரேனை நல்லாவே தாண்டிடும். கார்பன் ஃபில்டர் வழியா வந்திருக்கணும், அதுக்கும் மேல கொதிக்க வெச்சு, சூட்டோடயே ஹீலியமோ நைட்ரஜனோ குமிழி விட்டு எடுத்தா சந்தேகமே இல்ல.

பீன்யா_கெமிஸ்ட்

அப்டேட். ஃப்ரிட் மஞ்சளாத்தான் இருந்துச்சு அக்கா, நைட்ரிக்ல ஊற வெச்சதும் வெளுத்துடுச்சு. மாட்டி அளந்தா வென்ட்ல 33. அப்புறம் அண்ணா சொன்ன மாதிரி லீக் டிடெக்டர் காட்டினா ஸ்பார்ஜர் மவுண்ட் ஃபெர்ரூல்ல லேசா அடிக்குது, புது ஃபெர்ரூல் போட்டதும் 39க்கு வந்துடுச்சு. ட்யூபைத் தண்ணி மெத்தனால் ரெண்டும் விட்டுக் கழுவினேன், முதல்ல வந்த தண்ணி கலங்கலா, லேசா சோப்பு வாசனையோட வந்துச்சு. ராத்திரி முழுக்க பேக் போட்டுட்டு இன்னைக்குக் காலைல செக் ஸ்டாண்டர்ட்: புரோமோஃபார்ம் 96, நாஃப்தலீன் 91, பிளாங்க்ல நாஃப்தலீன் அடங்கிடுச்சு. டெட்ராகுளோரோஈத்தேன் 82 வரைக்கும் வந்திருக்கு, டிசிஇ 105. ட்ராப் அதேதான், மாத்தல.

ஜிகணி_ஜிசி

ரொம்ப நல்ல விஷயம். 82 இன்னும் ஏறும், நாலஞ்சு சுத்து சுத்தமான தண்ணி ஓட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சும் அங்கயே நின்னா அப்ப ட்ராப் ஆர்டர் போடலாம், அப்படியே போட்டாலும் ட்ரான்ஸ்ஃபர் லைன் காசு மிச்சம்.

இனிமே தினமும் முதல் பிளாங்க் ஓடும்போது வென்ட் ஃப்ளோவை அளந்து லாக் புக்ல எழுதுங்க, பக்கத்துலயே இன்டர்னல் ஸ்டாண்டர்ட் ஏரியாவும். கேலிபிரேஷன் நடுப்புள்ளியோட ஏரியால இருந்து பாதிக்குக் கீழயோ ரெண்டு மடங்குக்கு மேலயோ போனா மெத்தட்படி நிறுத்தணும், ஆனா அவ்வளவு தூரம் போக விடவே கூடாது, 39, 37, 34னு ஃப்ளோ இறங்கறது பேப்பர்ல தெரிஞ்சா அப்பவே ஃப்ரிட்டைக் கழட்டிடலாம். எனக்கு ஒரு சந்தேகம், நீங்க சொன்ன மஞ்சள் படிவு நுரை வந்த ஒரே ராத்திரில வந்திருக்காது, போர்வெல் சாம்பிள்ல இருந்து மாசக்கணக்கா சேந்திருக்கும், நுரை கடைசியா வந்து அடைச்சிருக்கு.

போர்வெல்னு சொன்னதும் ஞாபகம் வருது, சாம்பிளிங் ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க, பெங்களூர் போர்வெல் தண்ணி கடினத்தன்மை அதிகம், பிரிசர்வ் பண்ண எச்சிஎல் விட்டதும் கார்பனேட் பொங்கி வயலுக்குள்ள குமிழி வரும், அந்தக் குமிழில விஓசி போயிடும். பொங்கினா ஆசிட் இல்லாம தனி வயல் எடுக்கச் சொல்லுங்க, அதுக்கு ஹோல்டிங் (எடுத்ததுல இருந்து ஓட்டறதுக்குள்ள இருக்கற அவகாசம்) 14 நாள் கிடையாது, அதைவிடக் கம்மி. குளோரின் போட்ட காவேரி தண்ணிக்கு முதல்ல அஸ்கார்பிக் ஆசிட், 40 மில்லி வயலுக்கு 25 மில்லிகிராம், அது கரைஞ்சப்புறம்தான் எச்சிஎல். குளோரினை முதல்ல நிறுத்தலைன்னா வழியெல்லாம் டிஹெச்எம் உண்டாகிட்டே வரும்.

பீன்யா_கெமிஸ்ட்

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து சாம்பிளிங் டீமுக்குக் குடுத்துட்டேன். கடைசியா ஒண்ணு மட்டும் கேக்கறேன். நுரை வந்த ராத்திரி அந்த எஸ்டிபி சாம்பிளுக்குப் பின்னாடி குடிதண்ணி சாம்பிளும் ஓடியிருக்கு. ரிப்போர்ட் இன்னும் போகல. குளோரோஃபார்ம் எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு, புரோமோஃபார்ம் மட்டும்தான் சந்தேகம், ரிசல்ட்டும் லிமிட்டுக்கு ரொம்பக் கீழ. குளோரோஃபார்மை மட்டும் வெச்சு ரிப்போர்ட் விடலாமான்னு மேனேஜர் கேக்கறாரு.

கேஆர்புரம்_விஓசி

விடாதீங்க. ஐஎஸ் 10500ல புரோமோஃபார்ம் லிமிட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06. பாதி ரெக்கவரில ஓடின மெஷின்ல இருந்து வர்ற புரோமோஃபார்ம் நம்பர் எவ்வளவு கம்மியா இருந்தாலும் அதுக்கு அர்த்தம் கிடையாது. போர்வெல் கலந்த தண்ணில புரோமைடு இருந்தா புரோமின் டிஹெச்எம்தான் அதிகமா வரும், அதாவது எது சரியா அளக்கப்படலையோ அதுலதான் பிரச்னை இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தண்ணியைக் குடிக்கிறது ஜனங்க. அதுவும் இல்லாம, அந்த பேட்ச்ல கடைசி செக் ஸ்டாண்டர்ட் ஃபெயில், பிளாங்க்ல கேரிஓவர் (முந்தினதோட மிச்சம்), என்ஏபிஎல் (லேபுக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) ஆடிட்டர் டேட்டாவைத் திறந்தா முதல் கேள்வியே அதுதான்.

சாம்பிள் எடுத்த தேதியைப் பாருங்க, 14 நாள் ஆகலைன்னா ரெண்டாவது வயல் ஃப்ரிட்ஜ்ல இருக்கும், அதை எடுத்து இன்னைக்கே புது செக் ஸ்டாண்டர்டோட ஓட்டிடுங்க. 14 தாண்டினதுக்கு மறுபடியும் சாம்பிள் எடுக்கச் சொல்லுங்க. மேனேஜர்கிட்ட மெயில்ல எழுதியே குடுங்க, வாயால சொன்னா மறந்துடுவாங்க.

பீன்யா_கெமிஸ்ட்

பாத்தேன் அக்கா. ரெண்டைத் தவிர எல்லாத்துக்கும் நாள் பாக்கி இருக்கு. அந்த ரெண்டுக்கு கலெக்ஷன் ஆளை நாளைக்கு யெலஹங்கா அனுப்பறோம், மிச்சத்தை இப்ப சீக்வென்ஸ்ல போட்டுட்டேன், பிளாங்க் ஓடிட்டு இருக்கு, வென்ட்ல 39.